பி.சி.ஜி. ஊசி: நன்மையையும் தீமையையும் நிறுத்துப் பார்ப்போம்

உங்கள் இடது கையின் மேற்பகுதியில், தோளுக்குச் சற்றுக் கீழே பாருங்கள். பட்டாணி அளவில் ஒரு தழும்பு தென்படுகிறதா? அநேகமாக அது பி.சி.ஜி. ஊசியின் தழும்பாக இருக்கும். காசநோயைத் தடுப்பதற்காக, நீங்கள் பிறந்த சில நாட்களுக்குள் போடப்பட்டது அது. இன்றும் நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்கு முதன்முதலில் போடப்படும் ஊசிகளுள் அது ஒன்று.

எங்கள் சுவாமிமலைப் பக்கத்தில் கைக்குழந்தையோடு இருக்கும் தாய்மார்கள் இந்த ஊசியைப் பற்றிக் கேட்கும் கேள்விகள் எளிமையானவை. "ஊசி போட்ட இடம் புண்ணாகிறதே, அக்குளில் நெறி கட்டுகிறதே, இது தேவைதானா? ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் காசநோய் வருகிறதே, அப்புறம் ஊசி எதற்கு?" இவற்றை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. இதே கேள்விகளை விஞ்ஞானிகளும் கேட்டிருக்கிறார்கள். அதற்கு விடை தேடி நடந்த சோதனைகளுள் மிகப் பெரியவற்றில் ஒன்று, நம் தமிழ்நாட்டிலேயே நடந்தது. அந்தக் கதையைப் பார்ப்போம்.

ஊசியும் எதிர்ப்பும்

பிரான்சு நாட்டின் கால்மெட், கெரான் என்ற இரு அறிஞர்கள், மாடுகளுக்குக் காசநோய் உண்டாக்கும் கிருமியை 1908 முதல் 1921 வரை பதின்மூன்று ஆண்டுகள் ஆய்வுக்கூடத்தில் திரும்பத் திரும்ப வளர்த்து, அதன் நோய் உண்டாக்கும் ஆற்றலை இழக்கச் செய்தார்கள். உயிரோடு இருக்கும், ஆனால் வலுவிழந்த கிருமி அது. உடல் அதை அடையாளம் கண்டு போரிடப் பழகிக்கொண்டால், பின்னால் உண்மையான கிருமி வரும்போது எளிதில் வெல்லும் என்பதே அடிப்படை எண்ணம்.

1930-இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் ஒரு பெருந்துயரம் நேர்ந்தது. குழந்தைகளுக்குத் தரவிருந்த மருந்தில் உண்மையான காசநோய்க் கிருமி கலந்துவிட்டது. எழுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. ஆகவே ஒரு தடுப்பு மருந்தைப் பற்றிப் பேசும்போது, மருந்து நல்லதா என்பதோடு, அதைத் தயாரிக்கும் முறையும் சேமிக்கும் முறையும் சரியா என்றும் கேட்டாக வேண்டும்.

நம் நாட்டில் 1948-இல் சென்னை கிண்டியில் பி.சி.ஜி. மருந்து தயாரிப்புக்கூடம் தொடங்கியது. பிறகு நாடெங்கும் பெரும் இயக்கமாக ஊசி போடப்பட்டது. 1955-இல் இராஜாஜி இதைக் கடுமையாக எதிர்த்து, ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலே வெளியிட்டார். உயிருள்ள கிருமியைக் கோடிக்கணக்கான குழந்தைகளின் உடலில் செலுத்தலாமா, பயன் போதிய அளவு நிறுவப்பட்டதா என்பன அன்று எழுந்த கேள்விகள். அரசு தரப்பினரும் மருத்துவர்களும் மறுத்து வாதாடினார்கள். ஆனால் வாதத்தால் மட்டும் இக்கேள்வி தீராது. எண்ணிப் பார்த்தாக வேண்டும்.

எண்ணியவர்களுக்கும் ஒரே விடை கிடைக்கவில்லை. 1950-இல் பிரிட்டனில் பள்ளி மாணவர்களிடையே தொடங்கிய சோதனையில், ஊசி சுமார் 80 சதவீதப் பாதுகாப்பு தருவதாகத் தெரிந்தது. அதே காலத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் நடந்த சோதனையில் கிடைத்ததோ 14 சதவீதம்தான். எதை நம்புவது? நம் ஊருக்கு எது பொருந்தும்?

தலைமடையும் கடைமடையும்

இதை எப்படி எண்ண வேண்டும் என்பதை நம் வயலிலேயே கற்றுக்கொள்ளலாம். ஒரு புதிய உரம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தலைமடையில் உள்ள வயலுக்கு அதைப் போடுகிறோம். கடைமடையில் உள்ள வயலுக்குப் போடவில்லை. அறுவடையில் தலைமடை வயலில் ஆறு மூட்டை கூடுதலாகக் கண்டது. இது உரத்தின் பயனா? தண்ணீர் முதலில் கிடைத்ததன் பயனா? சொல்ல முடியாது.

சரியான சோதனை வேறு விதமானது. வாய்க்கால் நெடுகிலும் பல வயல்களை எடுத்து, எந்த வயலுக்கு உரம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்ய வேண்டும். அப்போது தலைமடை, கடைமடை, நல்ல மண், களர் மண் எல்லாம் இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாகப் பங்கிடப்படும். மிஞ்சும் வேறுபாடு உரத்தால் வந்தது என்று துணிந்து கூறலாம்.

மனிதர்களிடமும் இப்படித்தான். தாமாக முன்வந்து ஊசி போட்டுக்கொள்பவர்கள் பெரும்பாலும் நல்ல உணவும் நல்ல வீடும் உள்ளவர்களாக இருக்கலாம். அவர்களுக்கு நோய் குறைவாக வந்தால், அது ஊசியின் பெருமையாகத் தோன்றிவிடும். ஆகவேதான் குலுக்கல் முறை தேவைப்படுகிறது.

இன்னொன்றும் உண்டு. தற்செயலாக எண்ணிக்கைகள் ஏறி இறங்கும். சராசரியாக 100 நோயாளிகளை எதிர்பார்க்கும் இடத்தில், தற்செயலால் மட்டுமே பத்துப் பேர் கூடலாம், குறையலாம். எனவே ஒரு பக்கம் 95, மறுபக்கம் 105 என்றால் அதற்குப் பொருளே இல்லை. ஒரு தெருவில் இருவரைப் பார்த்துவிட்டு முடிவு கட்டுவது எவ்வளவு தவறு என்பது இதிலிருந்து விளங்கும்.

செங்கல்பட்டுச் சோதனை

1968-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம் முதலியவற்றின் துணையோடு, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்று திருவள்ளூர் மாவட்டமாக இருக்கும் பகுதியில் ஒரு சோதனையைத் தொடங்கியது. 3,66,000-க்கு மேற்பட்டோர் பதிவு செய்யப்பட்டனர். அவர்களில் சுமார் 2,81,000 பேருக்கு ஊசி போடப்பட்டது. சிலருக்கு பி.சி.ஜி.; சிலருக்கு மருந்தில்லாத வெற்று ஊசி. யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்பட்டது. போட்டுக்கொண்டவருக்கும் அது தெரியாது. நோயைக் கண்டறிபவருக்கும் தெரியாது. டென்மார்க், பிரெஞ்சு வகைகள் இரண்டும் பயன்படுத்தப்பட்டன. ஒவ்வொன்றிலும் 0.1 மி.கி., 0.01 மி.கி. என்று இரு அளவுகள்.

சிலருக்கு வெற்று ஊசி போட்டது நியாயமா என்று கேட்கலாம். நம் ஊரில் இந்த மருந்து பயன் தருமா என்பதே தெரியாத நிலையில், எந்தப் பக்கத்தாருக்கு நன்மை என்றும் எவருக்கும் தெரியாது. விடை தெரியாத போதுதான் சோதனைக்கு இடமுண்டு.

தோலில் செய்யும் டியூபர்குலின் சோதனையில், அதுவரை காசநோய்க் கிருமி தொற்றவில்லை என்று கருதத்தக்கவர்கள் 1,09,873 பேர். பதினைந்து ஆண்டுகளில் அவர்களிடையே தோன்றிய புதிய நோயாளிகள் 560 பேர். அதாவது ஆயிரத்துக்கு ஐந்து பேர். ஆயிரம் பேர் உள்ள ஒரு சிற்றூரில் இச்சோதனையை நடத்தியிருந்தால், பதினைந்து ஆண்டுகள் காத்திருந்தும் ஐந்து நோயாளிகளே கிடைத்திருப்பார்கள். ஐந்தை வைத்து என்ன முடிவு சொல்ல முடியும்? லட்சக்கணக்கானோர் ஏன் தேவைப்பட்டார்கள் என்பது இப்போது புரிகிறதல்லவா?

முடிவு என்ன? ஏழரை ஆண்டுகள் கழித்து, 1979-இல் முதல் அறிக்கை வந்தபோது மருத்துவ உலகம் திகைத்தது. ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் நுரையீரல் காசநோய் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வந்திருந்தது. பதினைந்து ஆண்டு முடிவுகள் 1999-இல் வெளியாயின. பெரியவர்களுக்குப் பாதுகாப்பு ஏதும் இல்லை. குழந்தைகளுக்கு 27 சதவீதப் பாதுகாப்பு; ஆனால் அதன் பிழை எல்லை -8 முதல் 50 வரை. இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு நீளத்தை அளந்தால், கூடவே பிழையையும் எழுதுகிறோம். இதுவும் அப்படித்தான். எல்லைக்குள் பூஜ்யமும் அடங்கியிருப்பதால், 27 என்ற எண்ணை உறுதியாகப் பிடித்துக்கொள்ள முடியாது.

பிரிட்டனில் பலித்தது இங்கே ஏன் பலிக்கவில்லை? நம் மண்ணிலும் நீரிலும் காசநோய்க் கிருமிக்கு உறவான, தீங்கு குறைந்த பல கிருமிகள் உள்ளன. அவை முன்பே உடலைப் பழக்கிவிடுவதால், ஊசி கூடுதலாகச் செய்ய அதிகம் இல்லை என்பது ஒரு விளக்கம்.

பின் ஏன் இன்னும் போடுகிறோம்?

இங்கேதான் கவனம் தேவை. செங்கல்பட்டுச் சோதனை அளந்தது நுரையீரல் காசநோயை. அதிலும் பெரும்பாலும் வளர்ந்தவர்களுக்கு வரும் நோயை. கைக்குழந்தைகளுக்குக் காசநோய் வேறு உருவில் வரும். கிருமி இரத்தத்தில் கலந்து மூளை உறைகளைத் தாக்கும். அல்லது உடலெங்கும் தினை மணிகள் போலப் பரவும். மூளை உறைக் காசநோய் கண்ட குழந்தைகளில், சிகிச்சை அளித்தாலும் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று இறக்கிறது. பிழைக்கும் குழந்தைகளில் பாதிக்கு மேல் வலிப்பு, பக்கவாதம், மந்த புத்தி போன்ற ஏதாவது ஒரு குறை தங்கிவிடுகிறது.

இவ்வகை நோய்களைப் பொறுத்தவரை பல நாடுகளின் ஆய்வுகள் ஒத்துப்போகின்றன. பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி., இவற்றில் நான்கில் மூன்று பங்கைத் தடுக்கிறது.

இப்போது தராசை எடுப்போம். பத்து லட்சம் குழந்தைகளுக்கு ஊசி போடுவதாகக் கொள்வோம்.

நன்மைத் தட்டு: 2002-ஆம் ஆண்டில் உலகெங்கும் போடப்பட்ட சுமார் பத்துக் கோடி ஊசிகளை வைத்துச் செய்த மதிப்பீடு ஒன்றுண்டு. சராசரியாக 3,435 ஊசிகளுக்கு ஒரு மூளை உறைக் காசநோயும், 9,314 ஊசிகளுக்கு ஒரு பரவிய காசநோயும் தடுக்கப்படுகின்றன என்கிறது அது. வகுத்துப் பாருங்கள். பத்து லட்சத்துக்கு 291 மூளை உறைக் காசநோய், 107 பரவிய காசநோய். ஆக, ஏறத்தாழ 400 குழந்தைகள் தப்புகின்றன.

தீமைத் தட்டு: ஊசி போட்ட சில வாரங்களில் சிறு கொப்புளம் எழுந்து, புண்ணாகி, தானே ஆறித் தழும்பாவது இயல்பு. அதைத் தீமையில் சேர்க்க வேண்டியதில்லை. அக்குளில் நெறி கட்டுவது பத்து லட்சத்துக்கு நூறு முதல் ஆயிரம் குழந்தைகளுக்கு நேரலாம். பெரும்பாலும் தானே வடியும். சீழ் வைத்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஊசியில் உள்ள கிருமியே உடலெங்கும் பரவும் கொடிய விளைவு, பத்து லட்சத்துக்கு இரண்டுக்கும் குறைவு. அதுவும் பிறவியிலேயே எதிர்ப்பாற்றல் இல்லாத குழந்தைகளுக்கே பெரும்பாலும் நேர்கிறது. எச்.ஐ.வி. நோய்க்குறிகள் உள்ள குழந்தைக்கு இந்த ஊசி போடக் கூடாது என்பதும் இதனால்தான்.

ஒரு பக்கம் 400 குழந்தைகளின் உயிரும் மூளையும். மறுபக்கம் ஒன்றிரண்டு கொடிய விளைவுகளும், சில நூறு நெறிக்கட்டிகளும். தட்டு எந்தப் பக்கம் தாழ்கிறது என்று நீங்களே சொல்லலாம்.

தராசு ஊருக்கு ஊர் மாறும்

நன்மைத் தட்டின் எடை, ஊசியை மட்டும் பொறுத்ததன்று. ஊரில் நோய் எவ்வளவு உள்ளது என்பதையும் பொறுத்தது. சுவீடனில் காசநோய் அரிதாகிவிட்டதால் 1975-இல் எல்லாக் குழந்தைகளுக்கும் போடுவதை நிறுத்தினார்கள். பிரிட்டனில் பள்ளிகளில் போடுவது 2005-இல் நின்றது. நம் நாட்டிலோ 2023-இல் மட்டும் சுமார் 28 லட்சம் பேருக்குக் காசநோய் கண்டதாக மதிப்பிடப்பட்டது. "அவர்கள் நிறுத்திவிட்டார்கள், நாம் ஏன் போட வேண்டும்?" என்பதற்கு இதுவே விடை.

காலத்துக்குக் காலமும் தராசு மாறும். வாய்வழி போலியோ சொட்டு மருந்தால் மிக மிக அரிதாகப் பக்கவாதம் ஏற்படுவதுண்டு. போலியோ ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குழந்தைகளை முடமாக்கிய காலத்தில், அது ஏற்கத்தக்க அபாயமாக இருந்தது. 2011 ஜனவரிக்குப் பிறகு நம் நாட்டில் இயற்கையான போலியோ நோயாளி எவரும் இல்லை. எனவே 2015 முதல் உயிரற்ற கிருமியால் ஆன போலியோ ஊசி சேர்க்கப்பட்டது. 2016-இல் சொட்டு மருந்திலிருந்து இரண்டாம் வகைக் கிருமி நீக்கப்பட்டது. எடை மாறியபோது முடிவையும் மாற்றினார்கள்.

ஊசிக்குப் பின் வந்ததெல்லாம் ஊசியால் வந்ததா?

ஒரு கணக்கு. ஒரு லட்சம் கைக்குழந்தைகளில், ஏதோ வேறு காரணங்களால் ஆண்டுக்கு 365 பேருக்கு வலிப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு ஒருவர். முதல் ஆண்டில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஐந்து நாட்கள் ஊசி நாட்கள் என்றால், ஊசி போட்ட அன்றே வலிப்பு காணும் குழந்தைகள் தற்செயலாகவே ஐந்து பேர் இருப்பார்கள். ஆண்டுக்கு எட்டு லட்சத்துக்கு மேல் குழந்தைகள் பிறக்கும் தமிழ்நாட்டில், இது நாற்பதாகும். நாற்பது குடும்பங்களும் ஊசியைத்தான் குற்றம் சொல்லும். அவர்கள் துயரம் உண்மையானது. ஆனால் காரணம் அறிய, ஊசி போடாத நாட்களிலும் எத்தனை பேருக்கு வலிப்பு வந்தது என்று ஒப்பிட வேண்டும். ஒப்பிட்டபின் ஊசி நாட்களில் மிகுதியாக இருந்தால், அதை மறைக்காமல் ஆராய வேண்டும். இரண்டையும் செய்வதே அறிவியல்.

இனி யாராவது ஓர் ஊசியைப் புகழ்ந்தாலோ பழித்தாலோ, சில கேள்விகளைக் கேளுங்கள். எந்த நோயைத் தடுக்கும்? யாருக்கு, எந்த வயதில்? எத்தனை பேருக்கு எத்தனை பேர்? ஊசி போடாதவர்களிடம் அதே எண்ணிக்கை என்ன? நம் ஊரில் அந்நோய் எவ்வளவு உள்ளது?

பி.சி.ஜி.க்கு இக்கேள்விகளின் விடை தெளிவானது. பிறந்த குழந்தைக்குத் தவறாமல் போட வேண்டும். ஆனால் அந்தத் தழும்பை நம்பிப் பெரியவர்கள் அலட்சியமாக இருக்கக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளியைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். பரிசோதனையும் மருந்தும் அங்கே இலவசம். கைக்குழந்தைக்குக் காசநோய் பெரும்பாலும் வீட்டில் இருமும் பெரியவரிடமிருந்துதான் வருகிறது. அந்தப் பெரியவரைக் கண்டுபிடித்து முழுமையாக மருந்து கொடுப்பதும் குழந்தைக்குச் செய்யும் பாதுகாப்பே. ஊசியால் ஆகாத பங்கை அதுதான் நிறைவு செய்யும்.