மெயினை அணைத்தாலும் ஷாக் அடிக்கும்! - இன்வெர்ட்டர் வீடுகளின் கவனத்துக்கு...

ஹாலில் ஃபேன் ஸ்விட்ச் பழுது. புதிதாக ஒன்றை வாங்கிவந்து, மறக்காமல் மெயினை அணைத்துவிட்டுத்தான் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கிறார் வீட்டுக்காரர். இருந்தும் கையைச் சுண்டி இழுக்கிறது ஷாக். காரணம், மாடிப்படிக்கு அடியில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும் இன்வெர்ட்டர்!

மெயினை அணைப்பதும் இன்வெர்ட்டருக்கு ஒரு பவர் கட்தான். அடுத்த நொடியே பேட்டரியின் 12 வோல்ட்டை 230 வோல்ட்டாக மாற்றி அதே வயரில் அனுப்பத் தொடங்கிவிடும். சரி, இன்வெர்ட்டரை மட்டும் அணைத்தால்? கரன்ட் இருக்கும் நேரத்தில் மெயின் சப்ளை அதன் வழியாகவே போய்க்கொண்டிருக்கும். இரண்டையும் அணைத்தால்தான் வயரில் கை வைக்கலாம். கடையில் வாரன்ட்டி பற்றியெல்லாம் விலாவாரியாகப் பேசுகிறார்கள். இதை யாரும் சொல்வதில்லை.

பொருத்தும்போது முதல் கேள்வி, பேட்டரியை எங்கே வைப்பது? சார்ஜ் ஏறும்போது டியூபுலர் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும். ஒரு பொறி போதும், பற்றிக்கொள்ளும். எனவே விளக்கு எரியும் பூஜை அறை, கேஸ் அடுப்பு இருக்கும் சமையலறை, காற்றே நுழையாத அலமாரி மூன்றும் வேண்டாம். தரைத்தளத்தில் இருப்பவர்கள் பேட்டரியை உறுதியான மேடைமீது ஏற்றிவிடுவது நல்லது. 2015-ம் ஆண்டு டிசம்பரிலும், 2023-ல் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை மறக்க முடியுமா? அப்படிப்பட்ட நேரத்தில் தெருவில் கரன்ட்டை நிறுத்தியிருப்பார்கள். தண்ணீரில் நிற்கும் ப்ளக் பாயின்ட்டில் இன்வெர்ட்டர் கரன்ட் இருக்கலாம். தண்ணீர் வாசலைத் தொடும் முன்பே இன்வெர்ட்டரை அணைத்துவிட வேண்டும்.

பேட்டரி இணைப்பை எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். சிவப்பு வயர் ப்ளஸ்ஸில், கறுப்பு மைனஸில். மாறினால் ஃபியூஸ் போகும், சில நேரம் இன்வெர்ட்டரே போகும். முடுக்குபவர் கையில் மோதிரம், காப்பு கூடாது. இரண்டு முனைகளிலும் உலோகம் பட்டுவிட்டால் பாயும் கரன்ட்டில் மோதிரம் நொடியில் பழுத்துவிடும். பல இன்வெர்ட்டர்களில் பேட்டரி வகையைத் தேர்வு செய்ய ஒரு சிறிய ஸ்விட்ச் உண்டு. டியூபுலரா, தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத எஸ்.எம்.எஃப் வகையா என்று பார்த்து அதை வைக்கச் சொல்லுங்கள். தவறாக வைத்தால் பேட்டரி அளவுக்கு மீறி சார்ஜ் ஆகிக் கெடும், அல்லது கடைசிவரை முழுதாக ஏறாது.

எவ்வளவு நேரம் தாங்கும்? 150 ஏ.ஹெச் பேட்டரி என்றால் 150-ஐ 12-ஆல் பெருக்க 1,800 வாட் ஹவர். அத்தனையும் கைக்கு வராது. மூன்று சாதாரண ஃபேன் (தலா 75 வாட்), நான்கு எல்.இ.டி பல்பு, ஒரு டி.வி ஓடினால் மூன்றரை, நாலு மணி நேரம் எதிர்பார்க்கலாம். சுமார் 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி ஃபேன்களாக மாற்றினால் இன்னும் ஓரிரு மணி நேரம் கூடுதலாக ஓடும். கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், தண்ணீர் மோட்டாரை இந்த லைனில் சேர்க்கவே கூடாது. காலியான பேட்டரி மீண்டும் நிரம்ப 10 மணி நேரத்துக்கு மேல்கூட ஆகும். அதனால் பகலில் இரண்டு முறை கரன்ட் போன நாளில், இரவுக்கு முழு பேக்கப் இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

மிதவை சிவப்புக் கோட்டைத் தொட்டால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். ஆர்.ஓ தண்ணீர்கூட ஆகாது.

வேலை முடிந்து எலெக்ட்ரீஷியன் கிளம்பும் முன், மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைக்கச் சொல்லி, அறை அறையாகப் போய் எல்லா ஸ்விட்ச்சையும் போட்டுப் பாருங்கள். எங்காவது ஒரு பல்பு எரிந்தால், அவரை அனுப்பிவிடாதீர்கள்!