நாகதாளி வறட்சியைத் தாங்கும் விதம்

கடும் வறட்சியில் ஏனைய செடிகள் கருகும்போதும் நாகதாளி பசுமையாய் நிற்பதைக் கமக்காரர் பலர் கண்டிருப்பர். அமெரிக்காவின் வரண்ட நிலங்களைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, அம்பாந்தோட்டை போன்ற எமது உலர்வலயக் கரையோரங்களிற் களையாகப் பரவியுள்ளது.

தடித்த இலைபோலத் தோன்றுவது உண்மையில் அதன் தண்டேயாகும். முட்களே இலைகளின் திரிபுகள். தண்டின் சதை நீரைச் சேமிக்கின்றது. மெழுகு பூசிய தோல் அந்நீர் ஆவியாகாது தடுக்கின்றது. மேலாகப் படர்ந்த வேர்கள் சிறு மழையையும் உறிஞ்சிக்கொள்கின்றன.

பெரும்பாலான பயிர்கள் பகலிலே நுண்துளைகளைத் திறந்து காற்றைப் பெறுவதால் நீரை இழக்கின்றன. நாகதாளியோ இரவின் குளிர்ச்சியில் அவற்றைத் திறந்து, காபனீரொட்சைட்டை அமிலமாகச் சேர்த்துவைக்கின்றது. பகலில் துளைகளை மூடிக்கொண்டு, சேர்த்ததைக் கொண்டே சூரியவொளியில் உணவு தயாரிக்கின்றது.

இதனாலேயே வெட்டி எறிந்த துண்டும் வாரக்கணக்கில் வாடாதிருந்து, மண்ணைத் தொட்டவிடத்து வேரூன்றுகின்றது. ஆகவே, நாகதாளியை வெட்டி நிலத்திற் பரப்பிவிடுதல் களையைப் பெருக்குவதாகவே முடியும். அதனை வேரோடு அகழ்ந்து, துண்டொன்றேனும் விடாது பொறுக்கி, நன்கு உலர்த்தி எரித்தல் வேண்டும். வாய்க்கால்களில் எறியலாகாது. அடுத்த மழையின் பின்னர் நிலத்தை மீண்டும் பார்வையிட்டு, முளைத்தவற்றை உடனே அகற்றுக.