உளி மறந்துவிட்ட எழுத்து

லக்சரில் நைல் நதியின் மேற்குக் கரையில் இருக்கிறது தெய்ர் அல்-பஹ்ரி கோயில். 1829இல் அதன் சுவர்களைப் படித்த பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியன் குழம்பிப்போனார். எகிப்தியச் சித்திர எழுத்தின் புதிரை அவிழ்த்தவரே அவர்தான். சிற்பத்தில் தாடியுடன் ஓர் அரசர் நிற்கிறார். பக்கத்தில் உள்ள எழுத்துகளோ பெண்பாலில் பேசுகின்றன.

காரணம், அங்கே ஆண்டவர் ஒரு பெண். பெயர் ஹாட்ஷெப்சூட். அவர் பெயரைக் கொத்தி எடுத்துவிட்டு, பல இடங்களில் அவருடைய தந்தை, கணவர் பெயர்களைப் பொறித்திருந்தார்கள். பெண்பால் விகுதிகளைத் திருத்தத்தான் சிற்பிகள் ஆங்காங்கே தவறிவிட்டனர்.

எகிப்திய அரசருக்கு ஐந்து பெயர்கள். முடியேற்பின்போது சூடிய பெயரையும் பிறப்புப் பெயரையும் மட்டும் முடிச்சிட்ட கயிறு போன்ற நீள்வட்டத்துக்குள் செதுக்குவார்கள். சூரியன் சுற்றிவரும் உலகெல்லாம் அரசருக்கு உரியது என்பதன் அடையாளம் அது. பெயர் நிலைத்தால்தான் மறுமை வாழ்வும் நிலைக்கும் என்று நம்பிய மக்களிடையே, பெயரை வெட்டுவது சாதாரணச் செயல் அல்ல.

ஹாட்ஷெப்சூட்டின் பெயரை வெட்டச் சொன்னவர் அவருக்குப் பின் தனித்து ஆண்ட மூன்றாம் துத்மோஸ். சிற்றன்னைமீது கொண்ட வன்மம் என்றே நெடுங்காலம் எழுதினார்கள். ஆனால், அரசி இறந்து ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்தே உளி இறங்கியதாகக் கல்வெட்டுச் சான்றுகள் காட்டுகின்றன. கோபம் அவ்வளவு காலம் காத்திருக்குமா? தன் மகனின் வாரிசுரிமையை உறுதிசெய்யவே இப்படிச் செய்தார் என்ற விளக்கமே பொருத்தமாகப்படுகிறது.

பின்னர் ஆண்ட அரசர் அக்கெனாத்தெனின் நோக்கம் வேறு. அமுன் என்ற கடவுளின் பெயரே எங்கும் இருக்கக்கூடாது என்று நினைத்த அவர், சொந்தத் தந்தை மூன்றாம் அமென்ஹோதெப்பின் பெயரிலிருந்தும் அதைக் கொத்தி எடுக்கச் செய்தார்.

பெயரை மாற்றும் தொழில்நுட்பம் எளியது. பழைய வெட்டுகளைச் சாந்து பூசி அடைத்து, மேலே புதிதாகச் செதுக்குவார்கள். நூற்றாண்டுகளில் சாந்து உதிர, இரண்டு பெயர்களும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரியத் தொடங்கும். பக்கவாட்டில் சாய்ந்து விழும் வெளிச்சத்தில் மங்கிய கோடுகளும் எழுந்து நிற்கும்.

இதைப் பதிவுசெய்வதில் சிகாகோ பல்கலைக்கழகக் குழு 1924 முதல் லக்சரில் காட்டிவரும் பொறுமை வியக்கவைக்கிறது. சுவரைப் புகைப்படம் எடுத்து, அந்தப் படத்தின் மேலேயே ஓவியர் கோடு வரைகிறார். அறிஞர்கள் அதைச் சுவரோடு ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள். லக்சர் கோயிலின் தூண் மண்டபத்தில் ஓபெத் திருவிழாவைக் காட்டும் சிற்பங்களை அவர்கள் இப்படித்தான் ஆராய்ந்தார்கள். அங்கே அரசர் ஹோரெம்ஹெப்பின் பெயர் பொறித்த நீள்வட்டங்களுக்கு அடியில் இருப்பது தூதன்காமுனின் பெயர்.