ஏரியிலும் ஒரு 'பாடு'... சிலுவையிலும் ஒரு 'பாடு'! - பழவேற்காடு மீனவர்களின் ஈஸ்டர்

"இன்னைக்குப் பாடு எப்படி?"

மீனவர் ஊர்களில் படகு கரைக்கு வந்ததும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். எவ்வளவு மீன் கிடைத்தது என்று அர்த்தம். 'பாடு பரவாயில்லை' என்று பதில் வந்தால் வீட்டில் அடுப்பு நிம்மதியாக எரியும். 'பாடு இல்லை' என்றால் அன்றைக்கு டீசல் காசுகூடக் கடன்தான்.

பழவேற்காடு ஏரியில் இதே சொல்லுக்கு இரண்டாவது அர்த்தமும் உண்டு. யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று ஊர் கூடிப் பிரித்துக்கொள்ளும் பழைய ஏற்பாட்டுக்குப் பெயரும் 'பாடு'தான்.

மூன்றாவது அர்த்தம் மாதா கோயிலுக்குள் இருக்கிறது. குருத்து ஞாயிறு அன்றும் பெரிய வெள்ளி அன்றும் இயேசு பிடிபட்டதில் தொடங்கி சிலுவையில் இறந்தது வரை நீளமாக வாசிக்கப்படும் பகுதியைக் கத்தோலிக்கர்கள் 'திருப்பாடுகள்' என்கிறார்கள்.

பிடிபட்ட மீன், வலைக்கான முறை, பட்ட துன்பம்... மூன்றுக்கும் ஒரே சொல்! ஈஸ்டர் வாரத்தில் இந்த ஏரிக்கரையில் நின்று பார்த்தால், அந்த மூன்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருப்பது தெரியும்.

500 ஆண்டுப் பழைய மாதா கோயில்

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர், திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரியைத் தாண்டினால் பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இங்கே இருக்கிறது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு ஓரம் மட்டும் தமிழ்நாட்டில்.

வாஸ்கோடகாமா கோழிக்கோட்டில் இறங்கிய சில ஆண்டுகளிலேயே போர்த்துக்கீசியர்கள் இந்தத் துறைமுகத்தைத் தேடி வந்துவிட்டார்கள். இங்குள்ள மகிமை மாதா ஆலயம் 1515-ல் தொடங்கியதாக ஆலய வரலாறு சொல்கிறது. இன்று அது சென்னை - மயிலை உயர்மறைமாவட்டத்தின் பழைமையான ஆலயங்களில் ஒன்று.

பிறகு டச்சுக்காரர்கள் வந்தார்கள். 1613-ல் 'கெல்டிரியா' கோட்டையைக் கட்டினார்கள். அவர்கள் சீர்திருத்த சபையைச் சேர்ந்தவர்கள். மாதா பக்தி அவர்களுக்குப் பிடித்த விஷயம் அல்ல. அதன்பின் ஆங்கிலேயர்கள். இன்று கோட்டை இருந்த இடத்தில் புதரும் செங்கல்லும்தான் மிச்சம். டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் மட்டும் இன்னும் காவல் நிற்கின்றன.

கோட்டை போனது, கொடிகள் மாறின. மாதா கோயிலும் வலைக்காரர்களும் மட்டும் நிலைத்தார்கள். ஏரியோர ஊர்களில் ஒன்றின் பெயரே நடுவூர் மாதாகுப்பம்!

நிலவு குறிக்கும் தேதி

கிறிஸ்துமஸுக்கு டிசம்பர் 25 என்று நிலையான தேதி உண்டு. ஈஸ்டர் ஏன் ஆண்டுதோறும் இடம் மாறுகிறது?

காரணம், நிலவு. மார்ச் 21-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். அதனால் மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறாகவும் அது இருக்கலாம். 2024-ல் மார்ச் 31, 2025-ல் ஏப்ரல் 20, 2026-ல் ஏப்ரல் 5.

நகரத்தில் இருப்பவர் இதற்கு காலண்டரைப் பார்க்க வேண்டும். ஏரிக்கரையில் இருப்பவருக்கு வானமே காலண்டர். பௌர்ணமியிலும் அமாவாசையிலும் கடல் அதிகம் ஏறி, அதிகம் இறங்கும். முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் நீர் வேகமாகப் பாய்ந்து, வேகமாக வெளியேறும். அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் இறாலுக்கு வலை கட்டுவது.

அதாவது, கோயிலின் புனித வாரத்தையும் ஏரியின் வேலை வாரத்தையும் குறிப்பது ஒரே நிலா. 2026-ல் பௌர்ணமி வந்ததே பெரிய வியாழன் அன்றுதான்.

ஏரி இளைக்கும் நேரம்

இந்த ஊருக்கு கிறிஸ்துமஸும் ஈஸ்டரும் ஒன்றல்ல. காரணம், தண்ணீர்.

வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் ஆந்திராவிலிருந்து வரும் காளங்கியும் ஏரியை நிரப்பும். வெள்ளம் முகத்துவாரத்தின் மணலை உடைத்துக்கொண்டு கடலில் கலக்கும். டிசம்பரில் ஏரி நிறைந்திருக்கும். பூநாரைகள் வந்து இறங்கும், சுற்றுலாக் கூட்டமும் வரும். கிறிஸ்துமஸ் அந்த நிறைவில் வருகிறது.

ஈஸ்டர் வருவதோ மார்ச், ஏப்ரலில். மழை நின்று மாதங்கள் ஆகியிருக்கும். வெயிலில் நீர் வற்றி, உப்பு ஏறி, கரை உள்வாங்கும். படகு தரை தட்டும். கடல் தள்ளும் மணல் முகத்துவாரத்தில் மேடாகச் சேரத் தொடங்கும். முகத்துவாரம் அடைபட்டால் கடலிலிருந்து இறால் குஞ்சும் மீன் குஞ்சும் உள்ளே வராது. கடலுக்குப் போகும் படகுகளுக்கும் வழி கிடையாது. பல ஆண்டுகள் மீனவர்களே பணம் போட்டு மணலை வெட்டி வழி திறந்திருக்கிறார்கள். இருபுறமும் கருங்கல் சுவர் எழுப்பி முகத்துவாரத்தை நிலையாகத் திறந்து வைக்கும் திட்டத்தை பிறகு தமிழக அரசு கையில் எடுத்தது.

ஆக, 'மரணத்திலிருந்து உயிர்ப்பு' என்ற செய்தி இந்த ஊருக்கு வந்து சேர்வது, ஏரி மிகவும் இளைத்திருக்கும் நேரத்தில்!

மீனை விடுவதா, விற்பதா?

ஈஸ்டருக்கு முன் வரும் 40 நாள் தவக்காலத்திலும் மீனவர் வீட்டுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு.

திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி போன்ற நாள்களில் இறைச்சியைத் தவிர்க்கச் சொல்கிறது திருச்சபைச் சட்டம். மீன் அதில் சேராது. உலகின் பல நாடுகளில் வெள்ளிக்கிழமை என்றால் மீன் சாப்பாடு என்ற வழக்கம் வந்ததே அப்படித்தான். ஆனால், தினமும் மீன் குழம்பு கொதிக்கும் வீட்டில் மீன் சாப்பிட்டு ஒருத்தல் இருந்தேன் என்று சொல்ல முடியுமா?

அதனால்தான் தமிழ்நாட்டின் பல கத்தோலிக்க வீடுகளில் இந்த நாள்களில் கறியோடு மீனும் அடுப்புக்கு வருவதில்லை. மீனவர் வீட்டில் அதன் கனம் அதிகம். பிடிப்பதை நிறுத்த முடியாது, அது பிழைப்பு. விற்பதையும் நிறுத்த முடியாது. ஆகவே விடிய விடிய பிடித்த மீனை அடுத்த வீட்டுச் சட்டிக்குக் கொடுத்துவிட்டு, தன் வீட்டில் ரசமும் சாதமும்.

சீட்டில் விழும் இடம்

ஏரியில் எல்லா இடமும் ஒன்றல்ல. முகத்துவாரத்துக்கு அருகில் வலை கட்டுபவருக்கு இறால் அதிகம் கிடைக்கும். பலமுள்ளவர் தினமும் அங்கேயே போய் நின்றுவிட்டால்?

அதைத் தடுக்கத்தான் பாடு முறை. நல்ல இடம், சுமாரான இடம் எல்லாவற்றையும் சீட்டுப் போட்டுப் பிரித்து, சுழற்சியில் விடுவார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவர் அடுத்த முறை வேறு இடத்துக்குப் போக வேண்டும். அதிகாரி இல்லை, கேமரா இல்லை. ஊர்க் கட்டுப்பாடுதான் காவல்.

சீட்டுப் போடுவது பைபிளுக்கும் புதிதல்ல. யூதாஸின் இடத்துக்கு வேறொருவரைத் தேட வேண்டியிருந்தபோது, சீடர்கள் ஜெபித்துவிட்டுச் சீட்டுப் போட்டார்கள். மத்தியா பெயருக்கு விழுந்தது. ஈஸ்டருக்குச் சில வாரங்கள் கழித்து மே 14-ல் கோயிலில் நினைவுகூரப்படும் புனிதர் அவர்.

ஆனால், பாடு முறைக்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது. அந்த உரிமை பாரம்பரியமாகப் பட்டினவர் சமூகத்தின் சில கிராமங்களுக்கே உரியது. பட்டியல் சமூகத்தினரும் இருளர்களும் அந்தச் சீட்டுக்கு வெளியே நிற்பவர்கள். இறாலுக்கு ஏற்றுமதி விலை வந்த பிறகு ஏரியை நம்பி வருபவர்கள் கூடினார்கள், உரசலும் கூடியது. ஏரி சுருங்கச் சுருங்க, 'யாருடைய தண்ணீர்?' என்ற கேள்வி பெரிதாகிறது.

பெரிய வியாழன் சடங்கை இந்தப் பின்னணியில் பார்த்தால்தான் அதன் பொருள் உறைக்கும். அன்று பலிபீடத்தின் முன் 12 பேரை உட்கார வைத்து, குருவானவர் குனிந்து அவர்கள் பாதங்களைக் கழுவித் துடைப்பார். சேற்றிலும் உப்பிலும் ஊறி வெடித்த பாதங்கள். அந்த வரிசையில் பெண்களையும் சேர்க்கலாம் என்று 2016-ல் விதியைத் திருத்தினார் போப் பிரான்சிஸ். அவர் மறைந்ததும் ஓர் ஈஸ்டருக்கு மறுநாள்தான், 2025 ஏப்ரல் 21-ல்.

இருட்டில் ஒரு திரி

பெரிய வியாழன் இரவோடு கோயில் மணி அமைதியாகிவிடும். மணிக்குப் பதில் மரக்கட்டையைத் தட்டி ஓசை எழுப்புவது வழக்கம். பெரிய வெள்ளி அன்று சிலுவைப் பாதையின் 14 நிலைகள், திருப்பாடுகள் வாசிப்பு, சிலுவை முத்தம். அன்று உலகில் எந்தக் கத்தோலிக்கக் கோயிலிலும் திருப்பலி கிடையாது.

சனிக்கிழமை இரவு, பாஸ்கா திருவிழிப்பு. விளக்குகளை அணைத்துவிட்டு, கோயிலுக்கு வெளியே புது நெருப்பு மூட்டுவார்கள். அந்த ஆண்டின் நான்கு எண்களும் பொறித்த பாஸ்கா திரியை அதில் ஏற்றுவார்கள். திரி உள்ளே நுழையும். அதிலிருந்து ஒருவர், அவரிடமிருந்து இன்னொருவர் என்று மெழுகுவத்திகள் பற்றிக்கொள்ள, சில நிமிடங்களில் கோயில் முழுக்க வெளிச்சம்.

இந்த இரவு வழிபாடு ஒரு காலத்தில் சனிக்கிழமை காலையிலேயே நடந்து முடிந்துவிடுமாம்! 1950-களில் போப் 12-ம் பத்திநாதர் செய்த சீர்திருத்தத்தில்தான் மறுபடி இரவுக்கு வந்தது. இருட்டில் விழித்திருந்து விடியலுக்குக் காத்திருப்பது என்றால் என்னவென்று, இரவு வலைக்குப் போகிறவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

காலி வலைக் கதை

ஈஸ்டர் முடிந்த பிறகுதான் மீனவர்களின் சொந்தக் கதை கோயிலில் வாசிக்கப்படும். யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரம்.

இயேசு இறந்துவிட்டார். உயிர்த்தார் என்ற செய்தியும் வந்துவிட்டது. ஆனாலும் சீடர்களுக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. மீன் பிடிக்கப் போகிறேன் என்று பேதுரு கிளம்ப, மற்றவர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். மொத்தம் ஏழு பேர். அதில் ஒருவர் தோமா. மயிலாப்பூருக்கு வந்ததாக மரபு சொல்லும் அதே தோமா!

இரவு முழுக்க ஒரு மீன்கூட இல்லை. விடியும் நேரத்தில் கரையிலிருந்து ஒருவர் குரல் கொடுக்கிறார். சாப்பிட மீன் ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார். இல்லை என்கிறார்கள். படகின் வலப்பக்கம் வலை போடச் சொல்கிறார். போட்டால், 153 பெரிய மீன்கள். அத்தனை கனத்துக்கும் வலை கிழியவில்லை.

எண்ணியிருக்கிறார்கள் பாருங்கள். மீனவர்கள் எழுதிவைத்த கணக்கு அது! கரைக்கு வந்தால் கரி நெருப்பில் மீன் வெந்துகொண்டிருக்கிறது, பக்கத்தில் அப்பம். சாப்பிட வாருங்கள் என்கிறார் அவர். உயிர்த்தெழுந்தவர் களைத்து வந்தவர்களுக்குக் காலைச் சாப்பாடு சமைத்து வைத்திருந்தார் என்பதுதான் அந்தக் கதை.

நகரத்துக் கோயிலில் இது ஓர் அற்புதம். ஏரிக்கரைக் கோயிலில் இது தெரிந்த கதை. காலி வலையோடு திரும்பும் காலை அவர்கள் பார்த்தது. கரையில் நின்று 'பாடு எப்படி?' என்று கேட்கும் குரலும் அவர்கள் கேட்டது.

விடியுமுன் நடந்தவர்கள்

ஈஸ்டர் செய்தியை முதலில் ஊருக்குச் சொன்னவர்கள் பெண்கள். நறுமணப் பொருள்களை எடுத்துக்கொண்டு, கல்லறை வாசலில் இருக்கும் கல்லை யார் புரட்டுவார் என்று கவலைப்பட்டபடி இருட்டோடு நடந்தவர்கள்.

பழவேற்காட்டிலும் நாளைத் தொடங்கி வைப்பவர்கள் பெண்கள்தான். மீன் கூடையோடு விடியுமுன் கிளம்புபவர்கள். பையை வாயில் கவ்வியபடி, நீருக்குள் அமர்ந்து சேற்றைத் தடவிக் கையாலேயே இறால் பிடிக்கும் இருளர் பெண்கள். பனை ஓலையில் பெட்டியும் கூடையும் முடையும் இஸ்லாமியப் பெண்கள். பாடு சீட்டில் இவர்கள் யாருக்கும் பெயர் கிடையாது. ஆனாலும், பாடு இல்லாத நாளில் வீடு ஓடுவது பெரும்பாலும் இவர்கள் கொண்டுவரும் காசில்தான்.

ஈஸ்டர் ஞாயிறு அன்று புதுத்துணி, விருந்து, 40 நாளுக்குப் பிறகு அடுப்பேறும் மீன் குழம்பு. வழிபாட்டில் பாடப்படும் அல்லேலூயாவும் 40 நாள் மௌனத்துக்குப் பிறகுதான் திரும்புகிறது.

மறுநாள் திங்கள். ஏரியில் தண்ணீர் கூடியிருக்காது. முகத்துவாரத்து மணல் தானாக விலகியிருக்காது. இருந்தாலும் விடியுமுன் வலையை உதறி எடுத்துக்கொண்டு படகைத் தள்ளுவார்கள். நேற்று வலை காலி என்பதற்காக இன்று வலை போடாமல் இருந்துவிட முடியாது.

கரைக்குத் திரும்பும்போது யாராவது நிச்சயம் கேட்பார்கள்... "இன்னைக்குப் பாடு எப்படி?"