உதிரிச் சங்கிலிகளின் விஷமம்

ஐம்பதைத் தாண்டியவர் பாதம் எரிகிறது என்றால் இந்தியாவில் முதல் சந்தேகம் சர்க்கரை மீதுதான். தப்பில்லை. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் அதிகமான நீரிழிவு நோயாளிகள் இருப்பதாகக் கணக்கிட்டது. ஆனால் சர்க்கரை கட்டுக்குள் இருந்தும் மரமரப்பு மேலே ஏறிக்கொண்டே போனால்? எழுந்து நின்றதும் தலைசுற்றல், இரு மணிக்கட்டிலும் நரம்பு நெரிசல், காரணமில்லாத எடைக்குறைவு, நுரைக்கும் சிறுநீர் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தால், தேட வேண்டிய இடம் வேறு: ரத்தத்தில் மிதக்கும் 'லைட் செயின்'கள்.

ஒவ்வொரு ஆன்டிபாடியிலும் இரண்டு கனமான, இரண்டு இலகுவான புரதச் சங்கிலிகள் உண்டு. இலகுவானதில் கப்பா, லாம்டா என இரு வகை. எலும்பு மஜ்ஜையிலுள்ள பிளாஸ்மா செல்கள் இவற்றைச் சற்று அதிகமாகவே தயாரிக்கின்றன. மிஞ்சியவை ரத்தத்தில் கலக்க, சில மணி நேரத்தில் சிறுநீரகம் வடிகட்டிவிடும். ஒரே செல்லின் வாரிசுகள் பெருகி ஒரே வகையைக் கொட்டத் தொடங்கும்போதுதான் வில்லங்கம். அந்தப் புரதம் உருக்குலைந்து நரம்பு, இதயம், சிறுநீரகம் என்று படிந்தால் ஏ.எல். அமிலாய்டோசிஸ். இதயம் மோசமாகப் பாதிக்கப்பட்டு சிகிச்சையும் இல்லையென்றால், ஆயுள் பெரும்பாலும் மாதக் கணக்கில்தான்.

லண்டன் மருத்துவர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் 1840-களிலேயே ஒரு நோயாளியின் சிறுநீரில் இந்தப் புரதத்தைப் பார்த்துவிட்டார். அது ஆன்டிபாடியின் இலகு சங்கிலிதான் என்று நிரூபிக்க 1962 ஆயிற்று. உதிரிச் சங்கிலிகளை மட்டும் ரத்தத்தில் அளக்கும் சோதனை 2001-ல் வந்தது. கப்பா-லாம்டா விகிதம் 0.26 முதல் 1.65 வரை இருந்தால் சரி என்பது அப்போது வகுத்த கணக்கு. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்த வரம்பு பொருந்தாது.

எண்ணை மட்டும் நம்பினாலும் ஆபத்து. நரம்புகளைத் தாக்கும் 'போயெம்ஸ்' நோயில் குற்றவாளி அநேகமாக எப்போதும் லாம்டாதான். ஆனாலும் விகிதம் பலருக்கு ஒழுங்காகவே இருக்கும். இம்யூனோஃபிக்சேஷன் சோதனையும் செய்தால்தான் அகப்படும். மறுபுறம், ஐம்பதைக் கடந்த 100 பேரில் சுமார் 3 பேருக்கு ரத்தத்தில் இப்படி ஒற்றை வகைப் புரதம் இருக்கிறது. பெரும்பாலோருக்கு அதனால் ஒரு தொல்லையும் இல்லை. எனவே வயிற்றுத் தோலடிக் கொழுப்பையோ, நரம்பையோ சிறிது எடுத்து காங்கோ ரெட் சாயமிட்டுப் பார்த்த பிறகே அமிலாய்டு என்று தீர்ப்பு.

உறுதியானால் நோயாளி போக வேண்டியது ரத்தநோய் நிபுணரிடம். பார்டிசோமிப், டாராடுமுமாப் போன்ற மருந்துகள் சங்கிலி உற்பத்தியையே அடக்குகின்றன. ஆனால் பார்டிசோமிப்பே நரம்பைப் பதம் பார்க்கும் என்பதால், ஏற்கெனவே கால் மரத்துப்போனவருக்கு அதைக் கொடுப்பதா என்று மருத்துவர்கள் யோசிக்க வேண்டியிருக்கிறது.