உங்களுக்குத் தெரியுமா? – பிரியாணி ஸ்பெஷல்!

பிரியாணிக்குத் ‘தம்’ போடுகிறோமே, அந்தத் ‘தம்’ என்றால் என்ன தெரியுமா? மூச்சு! சுத்தமான பாரசீகச் சொல். ‘தம் கட்டி’ ஓடினேன், ‘தம் பிடித்து’ நீந்தினேன் என்கிறோமே, அதே தம்தான். தேக்சா மூச்சை அடக்கிக்கொண்டு வேகவைக்கிற சோறு அது!

இன்னும் கேளுங்கள். பாரசீகத்தில் அரிசிக்கு என்ன பெயர்? பிரிஞ்ச்! சென்னையில் தட்டு நிறைய பிரிஞ்சி வாங்கிச் சாப்பிட்டவர்களே, இப்போது நிமிர்ந்து உட்காருங்கள்!

மியான்மரில் பிரியாணிக்குப் பெயர் ‘டான்பௌக்’! ‘தம் புக்த்’, அதாவது தம்மில் வெந்தது, பர்மியர் நாக்கில் இப்படி உருண்டுவிட்டது!

மிளகாய் போடாத பிரியாணியா? 1498இல் வாஸ்கோ ட காமா வந்து இறங்கும்வரை இந்தியாவில் ஒரு மிளகாய்கூடக் கிடையாது! தக்காளியும் கிடையாது. இரண்டுக்கும் பிறந்த வீடு அமெரிக்கக் கண்டம்!

கொல்கத்தா பிரியாணியைக் கிளறினால் கறிக்குப் பக்கத்தில் பெரிய உருளைக்கிழங்கு! 1856இல் அரியணை பறிபோன அவத் நவாப் வாஜித் அலி ஷா அந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். கூடவே லக்னோ சமையலும் வந்தது; கொல்கத்தாவில் அதோடு கிழங்கும் சேர்ந்துகொண்டது. இன்று கிழங்கு இல்லாமல் தட்டை நீட்டிப் பாருங்கள், சண்டைக்கே வந்துவிடுவார்கள்!

ஹைதராபாத் ‘கச்சி’ பிரியாணியில் கறி பச்சையாகவே தேக்சாவுக்குள் போகிறது! மேலே அரைவேக்காட்டு அரிசி. மூடியைச் சுற்றி மாவு பூசி அடைத்தாயிற்று. இனி எட்டிப் பார்க்க வழியே இல்லை. கறியும் வேக வேண்டும், சோறும் குழையக் கூடாது. இதைவிடக் கைப்பக்குவத்துக்கு வேறு பரீட்சை உண்டா!

மேலே தூவும் குங்குமப்பூ? ஒரு பூவுக்கு 3 இழைதான். ஒரு கிலோ சேர சுமார் 1.5 லட்சம் பூக்கள்!

பாஸ்மதி வெந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளும். நீளட்டும்! நம்மூர் சீரக சம்பா பெயருக்கேற்ற மாதிரி சீரகம் அளவுதான். ஆனால் மசாலாவை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு மணக்கும் பாருங்கள்... என் ஓட்டு அதற்கே!

1957இல் திண்டுக்கல்லில் நாகசாமி நாயுடு தொடங்கிய கடையின் பெயர் ‘ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல்’. அந்தப் பெயர் இப்போது யாருக்கு நினைவிருக்கிறது? அவர் தலையில் கட்டியிருந்த தலப்பாதான் கடைக்கே பெயராகிவிட்டது!

ஸ்விக்கியில் மட்டும் 2024இல் கேட்டு வாங்கிய பிரியாணி 8.3 கோடி! நிமிடத்துக்கு 158!

இதற்கெல்லாம் மேலே ஒன்று வைத்திருக்கிறேன். மதுரை மாவட்டத்தில் வடக்கம்பட்டி முனியாண்டி கோயில். தை மாதத் திருவிழாவில் பிரசாதமே ஆட்டுக்கறி பிரியாணிதான்! ஊர் ஊராக ‘முனியாண்டி விலாஸ்’ ஹோட்டல் நடத்துகிறவர்கள் திரண்டு வந்து செய்கிற பூஜை அது. ராத்திரி முழுக்க அடுப்பு எரியும். வரிசையாக அண்டாக்கள். நூற்றுக்கணக்கான ஆடுகள். விடியற்காலையில் தம் உடைத்ததும் பந்தி. யார் போனாலும் இலை உண்டு. விலை? பூஜ்யம் ரூபாய்!