திருத்தணியில் ஒரு நூல் கடை!

"நம்ம ஊருல பின்னல் நூலுக்குன்னு தனியா ஒரு கடை வேணும்" என்று நான் சொன்னால், முதலில் சிரிக்கிறவர் என் வீட்டுக்காரர்தான். "கத்திரி வெயில்ல டி.வி.யில சுடுற ஊருங்க பட்டியல் வாசிக்கும்போது திருத்தணி பேரு இல்லாம இருக்குதா? உனக்கு ஸ்வெட்டர் கடை கேக்குதா?" என்பார். அவர் சொல்வதும் நிஜம்தான். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது எங்களுக்கு ஒன்றும் புதுசு இல்லை.

ஆனால் பின்னல் என்றால் ஸ்வெட்டர் மட்டும்தானா, சொல்லுங்கள்! மலை மேலே மொட்டை போட்டு, சந்தனம் பூசிக்கொண்டு வருகிற குழந்தைகளைப் பார்த்திருப்பீர்கள். 365 படியும் இறங்கி முடிப்பதற்குள் சந்தனம் காய்ந்து உதிர்ந்து, இளம் மண்டையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். அந்தத் தலைக்கு நைலான் தொப்பி போட்டால் வேர்த்து ஊற்றும். பருத்தி நூலில் ஓட்டை ஓட்டையாக ஒரு குரோஷா குல்லா போட்டுப் பாருங்கள். காற்றும் போகும், வெயிலும் தாங்கும். இங்கிருந்து திருப்பதி போகிறவர்கள் மார்கழியில் திருமலைக் குளிரில் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்குக் கம்பளிக் குல்லா. டிசம்பர் 31 ராத்திரி படிபூஜைக்கு வருகிற பாட்டிமார்களுக்கு ஒரு மஃப்ளர். பிறந்த குழந்தைக்கு சாக்ஸ். வாசலுக்குத் தோரணம், சுவாமி மேடைக்கு விரிப்பு... போதுமா? ஃப்ரிட்ஜ் கைப்பிடிக்கு உறை பின்னுகிற வழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடலாம். ஒரு தடவை அழுக்கானால் அப்புறம் யாரும் அதைத் துவைப்பதே இல்லை!

எங்கள் தெருவிலேயே ஊசி பிடிக்கத் தெரிந்தவர்கள் ஆறு பேர் இருக்கிறோம். நூலுக்குத்தான் திண்டாட்டம். ஃபேன்சி ஸ்டோருக்குப் போனால் கூடை பின்னுகிற வயர் கட்டுக் கட்டாக, கண்ணைப் பறிக்கிற நிறங்களில் தொங்கும். எம்ப்ராய்டரி நூலும் உண்டு. கம்பளி நூல் கேட்டால் மேல் தட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை இறக்குவார்கள். சிவப்பு, மஞ்சள், ரோஸ். அதிலும் வெயில் பட்ட பக்கம் வெளுத்திருக்கும். "இது நாலு பிளையா, டபுள் நிட்டிங்கா?" என்று கேட்டால், "நல்லா கனமா இருக்கும்மா, எடுத்துக்கோங்க" என்று பதில் வரும்!

அதனால் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். மின்சார ரயிலில் போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வர இரண்டு மணி நேரத்துக்கு மேல். பாரிமுனைச் சந்துகளில் அலைந்து வாங்கிக்கொண்டு திரும்பினால் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். அன்றைக்கு வீட்டில் யார் சமைப்பது என்பது தனிக் கதை.

எங்கள் எதிர்வீட்டு அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஆறு பேரில் கை வேகமும் நேர்த்தியும் அவருக்குத்தான். கணவர் தவறிய பிறகு பின்னல்தான் அவருடைய கைச்செலவுக்கு. வெளியூர்ப் பெண்மணி ஒருவர் பத்து குழந்தை செட் ஆர்டர் கொடுத்தார். சட்டை, குல்லா, சாக்ஸ், எல்லாம் ஒரே வெளிர் நீலத்தில். அக்கா மகளிர் குழுவில் கடன் எடுத்து நூல் வாங்கினார். ஆறு செட் முடிந்து, ஏழாவது சட்டையில் உடம்புப் பாகம் முடியும்போது நூல் தீர்ந்துவிட்டது. மறுபடி சென்னைக்கு ஓடினார். அதே கம்பெனி, அதே நிற எண். கடை டியூப்லைட்டில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து கையைப் பின்னி, வாசல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தால் உடம்பு ஒரு நீலம், கை ஒரு நீலம்! மீதி மூன்று செட் அந்தப் புது நீலத்திலேயே முடிந்தது. ஆர்டர் கொடுத்தவர் ஆறை எடுத்துக்கொண்டு நாலைத் திருப்பிவிட்டார். கடனை அக்கா எட்டு மாதம் கட்டினார். ஊசிகளை ஒரு பழைய தலையணை உறையில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டார்.

தப்பு அக்கா மேல் இல்லை. நூல் கண்டின் சீட்டில் நிற எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு எண் இருக்கும். அது லாட் நம்பர். ஒரே தொட்டிச் சாயத்தில் முக்கி எடுத்த நூலுக்கெல்லாம் ஒரே லாட். அடுத்த தொட்டி வேறு லாட். நாம் ஒரே கைப்பக்குவத்தில் சாம்பார் வைத்தாலும் நேற்றைய நிறம் இன்றைக்கு வருகிறதா? அதே மாதிரிதான். இந்த ஒரு வார்த்தையை விற்கிறவர் சொல்லியிருந்தால், அக்கா முதல் தடவையே இரண்டு கண்டு கூடுதலாக வாங்கியிருப்பார். (வேறு லாட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு யோசனை: பழைய நூல் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே புதியதைச் சேர்த்து, பழையதில் இரண்டு வரிசை, புதியதில் இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றிப் பின்னுங்கள். கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது.)

"இப்பதான் செல்போன்லயே வாங்கலாமே ஆன்ட்டி" என்கிறாள் பக்கத்து வீட்டுப் பெண். வாங்கிப் பார்த்தேன். போனில் மாம்பழ மஞ்சள், கையில் வந்தது மஞ்சள்பொடி மஞ்சள். தொட்டுப் பார்க்காமல் நூல் வாங்குவது, முகர்ந்து பார்க்காமல் மல்லிகை வாங்குகிற மாதிரி. ஊசி வாங்குவதிலும் குழப்பம். பழைய கணக்கில் 8-ஆம் நம்பர் ஊசி தடிமன், 12-ஆம் நம்பர் மெலிசு. புதுசாக வருவதில் மில்லிமீட்டர் போடுகிறார்கள். என் அம்மா காலத்து 10-ஆம் நம்பர்தான் இன்றைய 3.25 மில்லிமீட்டர் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஸ்வெட்டர் பாழானது!

சரி, அந்தக் கடை எப்படி இருக்க வேண்டும்? மத்தியானம் பாத்திரம் கழுவும்போதெல்லாம் நான் மனசுக்குள் அதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

கிருத்திகைக் கூட்டம் நெருக்குகிற அடிவாரத்தில் வேண்டாம். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில், வாசல் கிழக்குப் பார்த்து இருக்கட்டும். நூலைப் பகல் வெளிச்சத்தில் பார்த்துத்தான் வாங்க வேண்டும். தட்டுகளில் நிறவாரியாக அடுக்காமல் கனம்வாரியாக அடுக்க வேண்டும். ஒவ்வொரு ரகத்தின் கீழும் நாலு அங்குலச் சதுரம் பின்னித் தொங்கவிட்டால், தொட்டுப் பார்த்தே தெரிந்துவிடும்: இது தொங்கும், இது சுருங்கும், இது குழந்தைக்குக் குத்தும் என்று. அந்தச் சதுரத்தில் எத்தனை தையல், எந்த ஊசி என்று ஒரு சீட்டு. ஊசியை நுழைத்து நம்பர் பார்க்க ஓட்டை போட்ட தகடு ஒன்று கல்லாப்பெட்டி பக்கத்தில்.

முக்கியமாக ஒரு நோட்டு வேண்டும். யார், எந்த நிறம், எந்த லாட், எத்தனை கண்டு வாங்கினார்கள் என்று அதில் எழுத வேண்டும். அதே லாட்டில் இரண்டு கண்டை ஒரு மாதம் அவர்கள் பேரில் எடுத்து வைக்க வேண்டும். வேலை முடிந்து பிரிக்காத கண்டு மிஞ்சினால், முகம் சுளிக்காமல் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். "கடைக்காரனுக்குக் கட்டுபடி ஆகுமா?" என்றார் வீட்டுக்காரர். ரவிக்கைத் துணியோடு மேட்சிங் பார்க்கப் புடவையைக் கொண்டுபோய் நாலு கடை ஏறி இறங்குகிறோமே, அந்த நாலில் சலிக்காமல் எடுத்துப் போடுகிற கடைக்குத்தானே மறுபடி போகிறோம்?

சாய்மானம் உள்ள ஒரு பெஞ்ச், ஒரு மண்பானைத் தண்ணீர். வாங்க வந்தவள் பத்து நிமிஷம் உட்கார்ந்து, விட்டுப்போன தையலை எடுக்கத் தெரியாமல் விழிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் எடுத்துக் கொடுப்பார். பின்னல் புத்தகங்கள் பெரும்பாலும் இங்கிலீஷில், அதுவும் சுருக்கெழுத்து மாதிரி வருகின்றன. அவற்றைத் தமிழில், பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். தெலுங்கிலும் வேண்டும். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி வரை நாங்கள் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தவர்கள். இன்றைக்கும் நகரி, புத்தூரிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் எத்தனை பேர்!

இதில் வேடிக்கை என்னவென்றால், நூலுக்குப் பஞ்சமான ஊரே அல்ல இது. அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு... சுற்றிலும் தறி ஓடுகிற ஊர்கள். கோன் கோனாக, சிட்டம் சிட்டமாகப் பருத்தி நூல் வந்து இறங்குகிறது. அது நெசவுக்கான மெல்லிய நூல், அவ்வளவுதான். ஒரு பவுண்டு எடையில் 840 கஜச் சிட்டம் இருபது இருந்தால் அது 20-ஆம் கவுண்ட். கவுண்ட் ஏற ஏற நூல் மெலிசு. 2/20 என்றால் அதில் இரண்டு இழையைச் சேர்த்து முறுக்கியது. இந்த 2/20-ல் நாலைந்து இழையை ஒன்றாகப் பிடித்தால், கிட்டத்தட்ட நம் நாலு பிளை கம்பளி நூலின் கனம் வந்துவிடும்! ஒற்றை இழை நூல் வேண்டாம். ஊசி பட்டால் பிரியும். வாங்குமுன் ஈர வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் குழந்தைக்கு ஆகாது.

ஆனால் சிட்டமாக வரும் நூல் பத்து பவுண்டு பண்டல், அதாவது சுமார் நாலரை கிலோ. ஒரு குல்லா பின்னுகிறவள் நாலரை கிலோவை வைத்து என்ன செய்வாள்? இங்கேதான் நம் கடை வர வேண்டும். பண்டலைக் கடை வாங்கட்டும். ராட்டையில் தார் சுற்றிப் பழகிய நெசவாளர் வீட்டுப் பெண்களிடம் கொடுத்து, இழை சேர்த்து, 50 கிராம் உருண்டையாகச் சுற்றி வாங்கி விற்கட்டும். சுற்றுகிறவருக்கும் கூலி, பின்னுகிறவருக்கும் நூல்.

அந்த 50 கிராமை நான் பெரிதாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஆந்திராவில் மேற்கு கோதாவரிப் பக்கம் நரசாபுரம் குரோஷா லேஸுக்குப் பேர்போன ஊர். அந்தப் பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர் 1982-இல் ஒரு புத்தகமே எழுதினார். ஏஜென்ட் நூல் கொண்டுவந்து கொடுப்பார், பெண்கள் வீட்டில் உட்கார்ந்து பின்னுவார்கள், லேஸ் வெளிநாடு போகும், பின்னியவருக்குச் சொற்பக் கூலி. 'வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்கிறார்கள்' என்று அவர்களைத் தொழிலாளி என்றே யாரும் எண்ணவில்லையாம். நூல் யாருடையதோ, பொருள் அவருடையது! தன் காசில் 50 கிராம் வாங்க முடிகிறவள் தன் குல்லாவுக்குத் தானே விலை சொல்லலாம்.

ஆசைக்காரர்கள் குறைவு என்று மட்டும் நினைக்காதீர்கள். 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' என்ற குழு, தனித்தனியாகப் பின்னியவற்றை இணைத்து 11,148 சதுர மீட்டருக்குக் குரோஷா போர்வை விரித்து கின்னஸில் ஏறியது. அத்தனை பேருக்கும் எங்கே நூல் கிடைத்தது என்றுதான் எனக்கு அன்றைக்குத் தோன்றியது!

கடை வருகிறபோது வரட்டும் என்று போன தை மாதம் நாங்கள் ஒரு காரியம் செய்தோம். ஐந்து பேர் பணம் போட்டு, அம்மையார்குப்பத்துக்கு பஸ்ஸில் போய் ஒரு பண்டல் 2/20 வாங்கினோம். சந்தன நிறம், ஒரே சாயம். அங்கேயே ஒரு அம்மாவிடம் கூலி கொடுத்து, ஐந்து இழை சேர்த்து உருண்டையாகச் சுற்றி வாங்கிவந்தோம். என் மகனின் பழைய டைரிதான் லாட் நோட்டு. மொட்டைக் குழந்தைகளுக்கு இதுவரை இருபத்து மூன்று குல்லா முடித்து, அடிவாரத்தில் கடை வைத்திருக்கிற ஒருவரிடம் கொடுத்திருக்கிறோம். பதினொன்று விற்றுவிட்டது.

ஐந்து பேர் பணம் போட்டாலும் பண்டலை ஆறு பங்காகத்தான் பிரித்தோம். ஆளுக்கு 750 கிராம், பதினைந்து உருண்டை. ஆறாவது பங்கு என் பீரோவில், எதிர்வீட்டு அக்கா பேர் எழுதிய பையில் இருக்கிறது. சொல்லிவிட்டேன். "பார்க்கலாம்" என்றார். நேற்றுச் சாயந்திரம் வந்தவர், ஒரு உருண்டையைக் கையில் எடுத்து வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனார்.

- ஒரு வாசகி, திருத்தணி.